மணிக்கட்டில் ஏறிய பால் நிற மருந்து

காதலர் தினத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. ஃபாகடட்டிவா ஊரின் ரோஜாப் பண்ணைகளில் மூச்சுவிட நேரமில்லாத அந்த வாரத்தில், பண்ணைச் செவிலி ஓத்திலியா செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் தொழிற்சங்க அலுவலகத்துப் படியேறி வருகிறாள் என்றால் விஷயம் சின்னதாக இருக்குமா?

உள்ளே இஸ்மேனியா வெல்லத் தண்ணீரை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடம் ரோஜா வெட்டியவள். இரண்டு மணிக்கட்டிலும் அறுவைத் தழும்பு. தொழிலாளர் உடல்நலம் இப்போது சங்கத்தில் அவள் பொறுப்பு. எதிரே அவளுடைய சித்தி மகன் எடில்பெர்த்தோ, பண்ணைப் பேருந்தின் ஓட்டுநர். ஊரில் எது நடந்தாலும் குற்றவாளி யாரென்று அவனுக்கு முதலில் தெரிந்துவிடும். என்ன நடந்தது என்பதுதான் பிறகு தெரியும்.

"சாப்பாட்டுக் கூடத்துல, முந்நூறு பேர் முன்னாடி என் பேரை வாசிச்சாங்கக்கா," என்றாள் ஓத்திலியா. "ரோஜா வெட்டற யமீலேக்கு நான் ஊசி போட்டேனாம். அதுல சர்க்கரை நானூறைத் தாண்டி ஆஸ்பத்திரியில கிடக்கறா. டாக்டர் சீட்டு இல்லாம பத்தொன்பது வருஷத்துல நான் ஒரு ஊசி தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை விசாரணை. செவிலி அட்டை போச்சுன்னா நான் யாரு?"

"யமீலே என்ன சொல்றா?"

"நான்தான் போட்டேங்கறா." ஓத்திலியா பண்ணை கொடுத்த விசாரணைக் கடிதத்தை நீட்டினாள்.

இஸ்மேனியா கடிதத்தை வாங்கிப் படித்தாள். புகார் கொடுத்தவர், யமீலேயின் மேற்பார்வையாளர் ரெய்னெல். கொடுத்த நேரம், திங்கட்கிழமை காலை ஏழு மணி. 'செவிலி மணிக்கட்டில் வெள்ளை மருந்து ஒன்றை ஏற்றியதாகத் தெரிகிறது.'

"மருந்துக்கடை அன்செல்மோதான்க்கா," என்றான் எடில்பெர்த்தோ. "கை வலின்னாலும் வைட்டமின் ஊசி, காதல் தோல்வின்னாலும் வைட்டமின் ஊசி. வேற யாரு?"

"வண்டியை எடு."

அன்செல்மோ கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். மாதுளைச் சாறு போல் சிவப்பு. "நான் விக்கற வைட்டமின் இதுதாம்மா. குழந்தைக்குக்கூடத் தெரியும். மணிக்கட்டுலயா போடுவேன்? இதுக்குன்னு கடவுள் பின்னாடி நிறைய இடம் கொடுத்திருக்காரே."

எடில்பெர்த்தோவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

ஆஸ்பத்திரியில் யமீலே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மணிக்கு நானூறு தண்டு வெட்டுகிறவள். பண்ணையில் அவளை முந்த ஆள் கிடையாது. வலது மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு காசு அகலத்துக்குத் தோல் வெளுத்து, குழிந்திருந்தது.

"யாரு போட்டாங்கன்னு நான் கேக்கலைம்மா," என்றாள் இஸ்மேனியா. "எப்படிப் போட்டாங்கன்னு மட்டும் சொல்லு."

யமீலேக்கு நிம்மதி. திரும்பிப் படுத்தாள். "சின்னக் குப்பி, பால் மாதிரி வெள்ளையா இருந்துது. குலுக்கிக்கிட்டாங்க. வலிக்கிற இடத்துலயே படபடன்னு மூணு தட்டு. நாலாவதுக்கு ஊசியை மட்டும் குத்தி, அப்புறமா மருந்துக் குழலை அதுல மாட்டி ஏத்தினாங்க. ரெண்டு மாசத்துல மூணு தடவை. வைட்டமின்தானேக்கா. ஒரு வாரத்துல மரமரப்பு போயிடும்."

"உனக்குச் சர்க்கரை இருக்குன்னு கேட்டாங்களா?"

"இல்லை."

"வெள்ளை மருந்துன்னு யாருகிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கலையே. இப்பத்தான் சொல்றேன்."

எடில்பெர்த்தோவின் கண் மேசைமேல் இலையில் சுற்றியிருந்த பாலாடைக் கட்டியில் இருந்தது. "இது யாரு கொண்டாந்தது? வாசனை தூக்குதே."

"ரெய்னெல் ஐயா. அவர் வீட்டு மாட்டுப் பால்."

"ஒரு துண்டு எடுத்துக்கோ," என்றாள் இஸ்மேனியா. "உனக்கு யோசிக்கத் தெம்பு வேணும்."

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு மேலாளர், ரெய்னெல், ஓத்திலியா மூவரும் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தார்கள். இஸ்மேனியா குரலை உயர்த்தவில்லை.

"அது வைட்டமின் இல்லை. ஸ்டீராய்டு. மணிக்கட்டுல நரம்பு நெரிஞ்சா டாக்டருங்க போடறதுதான். எனக்கும் போட்டாங்க, நாலு மாசம் நிம்மதியாத் தூங்கினேன். ஆனா அந்த டாக்டர் முதல்ல சர்க்கரை இருக்கான்னு கேட்டார். நரம்பு எங்க ஓடுதுன்னு பார்த்தார். திரும்பத் திரும்பப் போட முடியாதுன்னும் சொன்னார். தெரியாதவன் போட்டா தோல் வெளுத்துக் குழியும். தசைநார் அறுந்துபோகலாம். நரம்புலயே குத்திட்டா கையே போகலாம். சர்க்கரை இருக்கறவளுக்கு என்ன ஆகும்னு பார்த்துட்டோம்."

"போட்டது யாரு?" என்றார் மேலாளர்.

"யமீலே ஆளை மாத்திச் சொன்னா. விதத்தை மாத்திச் சொல்ல அவளுக்குத் தோணலை. தட்டிட்டு, ஊசியை மட்டும் குத்தி, பிறகு குழலை மாட்டறது செவிலி பழக்கமா? உதைக்கிற மாட்டுக்குப் போடறவங்க பழக்கம்."

ரெய்னெல் சிரித்தார். "இந்த ஊருல மாடு வச்சிருக்கறவன் நான் ஒருத்தன்தானா?"

"இல்லைங்க. ஆனா மருந்து வெள்ளைன்னு திங்கட்கிழமை காலையிலயே எழுதிக் கொடுத்தவர் நீங்க ஒருத்தர்தான். செவ்வாய்க்கிழமை நான் கேக்கற வரைக்கும் அவ அதை யாருகிட்டயும் சொல்லலை."

கதவு திறந்தது. எடில்பெர்த்தோவின் பேருந்தில் அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்திறங்கிய யமீலே உள்ளே வந்தாள். நேரே ஓத்திலியா முன்னால் நின்றாள்.

"சீசன் முடியற வரைக்கும் கை ஓடணும்னு நான்தான் அவர்கிட்டக் கெஞ்சினேன். வைட்டமின்னார். யாராவது கேட்டா உங்க பேரைச் சொல்லச் சொன்னார். சொல்லிட்டேன். நானூறு தண்டு வெட்டற கை இது. இதுக்காகப் போய் உங்களைக் காட்டிக் கொடுத்துட்டேனே."

ரெய்னெல் தொப்பியைக் கையில் சுருட்டினார். "மாட்டு முட்டி வீக்கத்துக்கு வாங்கினது. நம்ம பிளாக் வெட்டுக் கணக்குல பின்தங்கக் கூடாதுன்னுதான்..."

அவர் முடிக்கவில்லை. மேலாளர் அவரை வெளியே அனுப்பிவிட்டு, ஓத்திலியாவிடம் தாழ்ந்த குரலில், "நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க," என்றார்.

"இப்படிக் காதோட சொன்னா எப்படிங்க? அன்னிக்கு முந்நூறு பேர் முன்னாடி வாசிச்சீங்களே," என்றாள் இஸ்மேனியா.

மதியம் மேலாளர் வாசித்தார். சாப்பாட்டுக் கூடத்தில் சூப் கரண்டிகள் நின்றன. குற்றம் செவிலி மேல் இல்லை என்று அவர் வாசிக்கக் கேட்டபோது, வாசலில் நின்ற எடில்பெர்த்தோவுக்குத் தன் பெயரையே வாசித்தது போல் நெஞ்சு நிமிர்ந்தது.

ஓத்திலியா அழவில்லை. "நன்றி," என்றாள். பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ராத்திரியில கை மரத்துப்போய் எழுந்திருக்கறவங்க யாரெல்லாம்? ஊசி கிடையாது. டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதித் தரேன். வரிசையா வாங்க."

யமீலே முதலில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் பெஞ்சுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. எடில்பெர்த்தோ எண்ணிப் பார்த்தான். நாற்பத்தொரு பேர்.