தையல்காரர் அம்மாவின் முகம்

பஞ்சில் பழுப்பு வந்துகொண்டே இருந்தது.

கண்ணாடியில் அழுக்கு தீர்ந்து வெகு நேரமாகிவிட்டது. சாப்பாட்டு மேசைமேல் கிடந்த அந்த வண்ண ஜன்னலின் நீலமும் பச்சையும் கழுவி வைத்த தட்டு மாதிரி மின்னின. ஆனாலும் நடுவிலிருந்த பெண்ணின் முகத்தைத் துடைக்கத் துடைக்கப் பஞ்சு மட்டும் பழுப்பேறிக்கொண்டே போனது. ஜன்னலைப் பழுதுபார்க்க வாங்கியிருந்தவள் குனிந்து பார்த்தாள். முகத்தில் ஒரு புருவம்தான் மிச்சம்.

சூளையில் சுட்ட சாயம் அழியாது. சுடாத சாயம் தண்ணீர் பட்டாலே போய்விடும். அதனால் முதலில் ஓரமாக ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். பதினைந்து வருடமாக வீட்டிலேயே இந்த வேலை செய்கிறவள், ஒரு சொட்டுக்குச் சோம்பல்பட்டாள். ஜன்னலைக் கொண்டுவந்த தையல்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"விரிசலை மட்டும் சரி பண்ணுங்கம்மா. முகத்துல கை வைக்காதீங்க. எங்கப்பா கையால வரைஞ்சது. எங்கம்மாவுக்கு வேற படமே கிடையாது."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருந்த ஈயப் பட்டையை விரித்து முகத்துண்டை மட்டும் வெளியே எடுத்தாள். அழிந்த முகம் நினைவில் நிற்கவில்லை; மாதிரிக்குத் தன் ஒன்பது வயது மகளை வெளிச்சத்தில் உட்கார வைத்தாள்.

"என்னை எதுக்கும்மா வரையிற?"

"சும்மா உக்காருடி வாலு. மூக்கு ஆடுது."

பெற்ற பிள்ளையின் முகம் என்பதால் தூரிகை தானாக ஓடியது. கண்ணோரம் நாலு சுருக்கம், நெற்றியில் இரண்டு கோடு என்று வயதைக் கூட்டினாள். பழக்கதோஷத்தில், மகளுக்கு உதட்டின் கீழே இருக்கும் மச்சத்தையும் வைத்துவிட்டாள். பிறகு துண்டைச் சின்ன மின்சூளைக்குள் வைத்தாள். இனி யார் துடைத்தாலும் போகாது.

சூளை சூடேறச் சூடேற, கூடத்தில் மகள் முனகினாள்.

"மூஞ்சி எரியுதும்மா."

நெற்றி கொதித்தது. மாத்திரை கொடுத்தாள், ஈரத்துணி போட்டாள். சூளையை அணைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பைத்தியமா உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதை அப்படியே விட்டாள்.

மறுநாள் காய்ச்சல் இல்லை. மச்சமும் இல்லை. கண் சரியில்லை எனக்கு, என்று சொல்லிக்கொண்டாள். சாப்பிடும்போது பார்த்தால் பிள்ளையின் புருவம் வெளுத்திருந்தது. பின்னல் போடும்போது அவள் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்று மணிக்குத் தையல்காரர் வந்தார். அவள் மறுபடி பொருத்தி வைத்திருந்த ஜன்னலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"அம்மாவேதான். இந்த மச்சம் எனக்கு மறந்தே போச்சு பாருங்க. முகத்துல கை வைக்கலையே?"

"இல்லைங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார், அதுதான் தாங்கவில்லை. இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் ஜன்னலைப் போர்வையில் சுற்றி, பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவள் கதவைச் சாத்தினாள்.

வீடு அமைதியாக இருந்தது. ஒரு நிமிஷம் வாய் ஓயாத பிள்ளை.

கூடத்துக்குப் போனாள். நாற்காலியில் மகளின் முதுகு. காலையில் போட்ட பின்னல்.

"வாலு?"

தோளைத் தொட்டாள்.

"கோபமாடி?"

தலை திரும்பியது.

நெற்றி. அதற்குக் கீழும் நெற்றி. தாடை வரைக்கும் வழவழவென்று வெறும் தோல். இரண்டு கைகளும் காற்றில் அவளைத் துழாவின.

தெருவில் வண்டி கிளம்பியது. போர்வைக்குள்ளிருந்து, தூரம் போகப் போகச் சன்னமாகி, அவள் மகளின் குரல் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனது.