முப்பத்தேழு டிகிரி

நீல ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் பார்சல் குளிர்பெட்டிக்குள் இருந்தபடியே சூடாகிக்கொண்டிருந்தது. காலையில் நான்கு டிகிரி. மதியம் பதினொன்று. இப்போது மூன்று மணிக்கு இருபத்தாறு. பெட்டியின் கதவு சாத்தியே இருந்தது. பக்கத்தில் இருந்த ஐந்து பார்சல்களும் நான்கு டிகிரியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

அது நிஜக் குளிர்பெட்டி அல்ல. இன்னும் விற்பனைக்கு வராத ஒரு கணினி விளையாட்டில் வரும் தபால் நிலையத்தின் குளிர்பெட்டி. விளையாடிப் பார்த்துக் கோளாறுகளை எழுதித் தருவது அவள் வேலை. பதினான்கு வருடம் நிஜத் தபால் நிலையத்தில் பார்சல் பிரித்தவள். பிரிப்பதற்கு இயந்திரம் வந்ததும் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அதே வேலையை வீட்டு மேசையில் பொம்மையாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

ஆனாலும் இந்த விளையாட்டில் ஒன்று அவளுக்குப் பிடித்திருந்தது. இதில் வெப்பம் சும்மா பிறப்பதில்லை. குளிர்ந்த பார்சலை ஒட்டிச் சூடான பார்சலை வைத்தால், முதலாவது ஒரு டிகிரி ஏறும், இரண்டாவது ஒரு டிகிரி இறங்கும். பனிக்கட்டிப் பையை வைத்தால் பார்சல் குளிரும், பை உருகும். எடுப்பது எப்போதும் மிக அருகில் இருப்பதிடமிருந்துதான். அது தீர்ந்தால், அதற்கு அடுத்து இருப்பதிடமிருந்து. ஒன்று ஏறினால் எங்கோ ஒன்று இறங்கியே ஆக வேண்டும்.

அதனால்தான் தலை சுற்றியது. பத்தொன்பது பார்சல்களின் அளவையும் இரண்டரை மணிக்கே காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள்; இப்போது மறுபடியும் பார்த்தாள். எதுவும் இறங்கவில்லை. அலமாரி இறங்கவில்லை, தரை இறங்கவில்லை, அந்த அறையின் காற்றுகூட இறங்கவில்லை.

விளையாட்டை எழுதியவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அந்த நீலப் பார்சல் இருபத்தாறுக்கு வந்துடுச்சு."

"கதவைத் திறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டீங்களாக்கா?"

"பதினாலு வருஷம் தடுப்பூசிப் பார்சல் அனுப்புனவ நான். எனக்கே கதவு சாத்தச் சொல்லித் தர்றியா?"

அவன் சிரித்தான். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது.

"அக்கா, என் லிஸ்ட்ல பதினெட்டு பார்சல்தான் இருக்கு. அதை நான் போடவே இல்ல."

"அப்புறம் யாரு போட்டது?"

"தெரியலையே. இருங்க, அழிச்சுப் பாக்குறேன். போச்சா?"

போகவில்லை. இருபத்தேழு.

"என்னமோ போங்க. அஞ்சு மணிக்குள்ள காரணத்தையும் தீர்வையும் எழுதி அனுப்பிடுங்கக்கா. உங்களை வச்சுக்கலாமா வேண்டாமான்னு மேல யோசிச்சுட்டு இருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

போனை வைத்தபின் வீட்டின் அமைதி காதில் விழுந்தது. மூடிய ஜன்னலுக்கு வெளியே தார் உருகும் வாடை, தலைக்கு மேலே வெந்நீர் ஆவியைப் போன்ற காற்றைச் சுற்றிச் சுற்றி அடிக்கும் மின்விசிறி, மேசைக்கு அடியில் சிபியூவின் முனகலும் அதிலிருந்து கிளம்பும் சுட்ட தூசியின் மணமும், அந்த முனகலோடு சேர்ந்து இன்னொரு மெல்லிய சத்தமும். குளிரில் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம்.

குனிந்து பார்த்தாள். மகள் சிபியூவில் முதுகைச் சாய்த்துச் சுருண்டிருந்தாள். பள்ளி விடுமுறை. ஏழு வயது. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத வாலு. காலையிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறாள்.

"அம்மா, குளிருது."

"இந்த வெயில்லயா? நடிக்காதடி."

"நெசமாம்மா. போர்வை குடு."

பாதத்தைத் தொட்டாள். கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. காய்ச்சல் பார்க்கும் மானியை எடுத்துவந்து அக்குளில் வைத்தாள். முப்பத்தைந்து புள்ளி ஒன்று. திரையை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தொன்பது.

பத்து நிமிடம் கழித்து, முப்பத்துநான்கு புள்ளி எட்டு. திரையில் முப்பது.

சுவிட்சை அணைத்தாள். பிளக்கையே பிடுங்கினாள். மகளை இரண்டு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கணினியை அணைத்தாலும் விளையாட்டின் பகல் அந்தக் கம்பெனியின் இயந்திரத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதைத்தான் விளம்பரத்திலும் பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

முப்பத்துநான்கு புள்ளி மூன்று.

மறுபடியும் கணினியைப் போட்டாள். பார்சல் முப்பத்துமூன்று. அட்டைமேல் இருந்த ஈரம் காய்ந்துவிட்டது. அதன் பக்கங்கள் மெல்ல உப்பின. மெல்ல அமுங்கின. உப்பின.

மகளைத் தூக்கிக்கொண்டு கடைசி அறைக்கு ஓடினாள். கட்டிலில் கிடத்தினாள். காத்திருந்தாள். முப்பத்துநான்கு புள்ளி ஆறு. ஏறுகிறது! தூரம்தான். தூரம் போனால் விட்டுவிடுகிறது.

திரும்பி வந்து மேசைமுன் உட்கார்ந்தாள். பார்சல் முப்பத்துநான்கு. கீபோர்டின் மேல் விரல் நுனிகள் மரத்தன. நகங்கள் நீலம்.

இப்போது அருகில் இருப்பவள் அவள்.

எடுத்துக்கொள், என்னை எடுத்துக்கொள் என்று நினைத்தாள். ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு விதி நினைவுக்கு வந்தது. தான் தீர்ந்தால் அடுத்தது. இந்த வீட்டில் அடுத்தது யார்?

கணினியைத் தெருவில் கொண்டுபோய் எறியலாம். எறிந்தால் மணி ஐந்தோடு வேலை போகும். தெருவிலும் யாராவது அருகில் இருப்பார்கள். யாராவது. யாரோ.

சிபியூவைத் தூக்கினாள். கூடத்தின் மறுகோடிக்கு. சுவரோடு ஒட்டி வைத்து, திரையையும் அதன்மேல் ஏற்றி வயரைச் செருகினாள். நான்கு விரல் கனச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு; யாரோ ஒரு பெண்ணின் குரல்.

"என் ராஜால்ல? அழக்கூடாது. பால் குடிச்சாச்சு, தூங்கணும். இந்தா, அம்மா தட்டிக் குடுக்குறேன்."

கட்டில் ஒன்று சுவரில் இடித்தது. கைக்குழந்தை சிணுங்கியது.

வயர் இல்லாத கீபோர்டோடு ஆறடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நான்கு விரலைவிட ஆறடி அதிகம். விரல்களில் உணர்வு வந்தது. ஊசி குத்துவதுபோல். பிறகு சூடு.

கடைசி அறையிலிருந்து குரல் வந்தது. "அம்மா, பசிக்குது!"

மானி முப்பத்தாறு புள்ளி ஐந்து காட்டியது. மகளின் நெற்றியில் முத்தமிட்டாள். வியர்த்திருந்தது.

கூடத்துக்குத் திரும்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் சிணுங்கல் மெலிந்திருந்தது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன். புள்ள கை ஜில்லுன்னு இருக்கு."

"ஃபேனைக் கொறைடி."

"அது ஓடவே இல்லைங்க."

திரையில் முப்பத்தேழு. அதற்குமேல் ஏறவில்லை. பார்சல் சீராக உப்பியது, அமுங்கியது. உள்ளிருந்து ஏதோ மூடியை மெதுவாகத் தூக்கியது. பால் குடித்த வாய் சப்புக்கொட்டும் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சிணுங்கல் நின்றது. பிறகு அந்தப் பெண் அலற ஆரம்பித்தாள்.

மணி நான்கு ஐம்பது. அவள் படிவத்தைத் திறந்தாள்.

காரணம்: தெரியவில்லை.

தீர்வு: கணினியை நம் குழந்தையிடமிருந்து விலக்கி, அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்கவும். வேலை செய்கிறது.