பிசேராவை யார் எடுப்பது?

"ஹலோ... கொஞ்சம் நகர்றீங்களா? உங்க முதுகைப் படம் பிடிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

பேஸ்பால் பயிற்சி மைதானத்து வேலியோரம் நின்ற நெட்டையன் திரும்பினான். சாம்பல் நிறக் கண்கள்... அதில் குறும்பு வேறு. டீலியாவுக்குத் திட்ட வந்தது பாதியில் மறந்துபோயிற்று.

"அங்க மட்டை பிடிச்சு நிக்கிற பிசேராவோட காலையா படம் பிடிக்கிறீங்க?"

"ஆமா. போன வருஷம் நேரா நின்னு அடிச்சான். இப்ப முன்காலை அகட்டி நிக்கிறான்."

"காலை விடுங்க, கையைப் பாருங்க. தோளுக்கு மேல தூக்கிப் பிடிச்ச மட்டையை நெஞ்சுக்கு இறக்கிட்டான். உடம்போட ஒட்டி வர்ற பந்தெல்லாம் இனி வேலி தாண்டும்."

அட! தனக்கு மட்டுமே தெரியும் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்!

ஃபோர்ட் மையர்ஸ் ஊர் மழை சொல்லிக்கொண்டா வரும்? இருவரும் கடலைக் கடையின் தகரக் கூரைக்குள் ஓடினார்கள். அவன் பெயர் ஆர்லன். தன் தொப்பியைக் கழற்றி அவள் தலைக்கு மேல் பிடித்தான். அந்த மயக்கத்தில் அவள் உளறிவிட்டாள்.

"சாயங்காலம் எங்க ஃபேண்டஸி லீக்ல ஆள் எடுக்குறோம், நிஜ ஆட்டக்காரங்களை வச்சு கற்பனை அணி கட்டுற போட்டி. பிசேரா எனக்குத்தான். அங்க ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது!"

"உங்க... அணி பேரு?"

"சதுப்பு முதலைகள்."

அவன் முகம் வெளுத்தது. "நான்... சோம்பேறி நாரைகள்."

நாலு வருடமாக இணையத்தில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்ட எதிரிகள்! லீக் நேரில் கூடுவது இந்த வருடம்தான் முதல் முறை.

"தெரிஞ்சேதான் என் வாயைப் பிடுங்கினீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் மழையில் நடந்தாள். சாயங்காலம் ஆள் எடுக்கையில் அவளுக்கு முந்தைய முறை அவனுடையது; ஒரு ஆட்டக்காரனை முதலில் சொன்னவருக்குத்தான் அவன்.

கோழி வறுவல் கடையில் பத்துப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆர்லன் முறை வந்தது. டீலியா அவன் வாயையே பார்த்தாள். எடுத்துவிட்டால் இவன் வெறும் ஏமாற்றுக்காரன். எடுக்காதேயேன்... இந்தத் தவிப்பு பிசேராவுக்காகவா, இவனுக்காகவா?

ஆர்லன் மட்டையாளனுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் யாரோ ஒரு கிழட்டு கேட்சர் பெயரைச் சொன்னான். மேஜையே சிரித்தது.

அடுத்து அவள். வாய் திறந்தாள்... பிசேரா பெயர் வரவில்லை. வேறு யாரையோ சொன்னாள்.

போன வருடம் லீக்கில் கடைசி இடம் பிடித்த ஹொரேஸ் துள்ளினார். "பிசேரா! எனக்கு பிசேரா!"

போச்சு!

வாசலில் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

"ஏன்யா எடுக்கல, முட்டாள்?"

"எடுத்திருந்தா நீ என் மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்டே. நீ ஏன் எடுக்கல?"

"நீ விட்டுக் கொடுத்ததை எடுக்கக் கூச்சமா இருந்துச்சு..."

"எனக்கு அவனைவிட நீ முக்கியமா தெரிஞ்சே, டீலியா."

அவள் தரையைப் பார்த்தாள். கன்னம் சுட்டது.

"இந்த வருஷம் நாம ரெண்டு பேரும் தோக்கப் போறோம்."

"தெரியும்."

"எனக்கு அதுகூட சந்தோஷமா இருக்கு... ஏன்னு கேக்க மாட்டியா, ஆர்லன்?"

"ஏன்?"

"உன்னைப் பிடிச்சிருக்கு... அதான்."