கழுவி வைத்த கிண்ணம்

"அதைத் தின்னாதீங்க!"

வேலியோரத்து மரச்சீனி பிடுங்கப்பட்டிருப்பதைக் கண்டு, கத்திக்கொண்டே அபினா பக்கத்துப் பாதி வீட்டின் அடுக்களைக்குள் பாய்ந்தபோது, அங்கே நின்றவனின் வாய்க்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் நடுவில் ஒரு விரற்கடைதான் இடைவெளி. யார், எவர் என்று கேட்க நேரமேது? கையைத் தட்டிவிட்டாள். கிழங்குத் துண்டு பறந்துபோய் விறகுக்குள் விழுந்தது. அடுப்பில் இருந்த பாத்திரத்தை முந்தானையால் பிடித்துத் தூக்கி, பின்முற்றத்து மழையில் அப்படியே கொட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

அவன் திறந்த வாயை மூடாமல் நின்றான். நல்ல உயரம். அடுப்பு ஊதிய சாம்பல் நெற்றியில் அப்பியிருந்தது. கண்கள் மட்டும்... கோபத்தில் கூட இத்தனை அழகாக இருக்க ஒரு ஆணின் கண்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? அபினா சட்டென்று பார்வையை மாற்றிக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன, கிறுக்கா? காலையிலயிருந்து நான் ஒண்ணும் தின்னல்ல!"

"வேலியோரத்துல நிக்கியதயா பிடுங்கினீங்க?"

"ஆமா. வீட்டுக்காரியம்மாக்கிட்ட கேட்டுட்டுத்தான் பிடுங்கினேன். திருடல்ல."

"அது கட்டுக் கிழங்காக்கும், விஷம் உள்ளது! பெருச்சாளி தொடக்கூடாதுண்ணு வேலியில நடுதது. மூணு தடவ வெள்ளம் ஊத்தி வேகவச்சு, அந்தத் தண்ணிய வடிச்சுக் களையாம தின்னா தல சுத்தி விழுவீங்க. ஆடு மாடு தின்னா செத்தே போவும்."

"நல்லா வேகவச்சுத் தின்னு மக்காண்ணுதான் அவிய சொன்னாவ..."

"நல்லா வேகவைக்கதுண்ணா வெள்ளம் ஊத்திக் களையதுதான். இது ஆருக்கும் தெரியுமே!"

"அடுத்த பக்கத்து டீச்சரு நீங்கதானா? எங்க பொழியூர்ல ஆருக்கும் தெரியாது டீச்சரே. எங்களுக்குக் கடல் உண்டு, மீன் உண்டு. கிழங்கு சந்தையிலயிருந்து வரும். நாங்க வேகவச்சுத் தின்னுவோம்."

சொல்லிவிட்டு அவன் மழையில் ஊறிக் கிடந்த கிழங்கைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அபினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனும் சிரித்துவிட்டான்.

அன்று அவனுக்கு அவள் வீட்டுக் கஞ்சியும் பயறும் கிடைத்தன. சும்மா சொல்லக்கூடாது, பானையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அபினா வெள்ளறடைப் பெண். ரப்பரும் மரச்சீனி என்கிற மரவள்ளியும் விளைகிற மலையோரம். பாறசாலையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் டீச்சர் வேலை கிடைத்ததும், உதியன்குளங்கரையில் ஆனந்தபாயின் வீட்டில் பாதியை வாடகைக்குப் பிடித்திருந்தாள். மறுபாதிக்குத்தான் இந்த ரெனில் வந்து சேர்ந்தான். பாறசாலை ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ஆனந்தபாய் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியவள். செங்கல் தீர்ந்ததோ மனசு தீர்ந்ததோ, சுவர் ஓடு வரை போகவில்லை. ஒரு பக்கம் கடுகு வெடித்தால் மறுபக்கம் தும்மல் வரும்.

தனக்கென்று ஓர் அடுக்களை வந்ததில் அபினாவுக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். கேபிள் டிவியும் சேட்டிலைட் சேனலுமாக ஊரே மாறிக்கொண்டிருந்த காலத்தில், அவள் சம்பளப் பணத்தில் ஆசை ஆசையாய் வாங்கியது ஒரு மண்சட்டியும் ஒரு குட்டி ரேடியோவும்! காலையில் பின்வாசல் படியில் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடிப்பது, சாயங்காலம் வரும் வழியில் ஒரு பிடி கறிவேப்பிலை வாங்குவது, இன்றைக்கு என்ன கறி என்று யாரையும் கேட்காமல் தானே தீர்மானிப்பது... இதற்கெல்லாம் ஒரு பெண்ணுக்கு மனம் நிறையுமா? அவளுக்கு நிறைந்தது.

மறுநாள் சாயங்காலம் சுவரின் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம் எட்டிப் பார்த்தது. உள்ளே சாளை மீன் கறி. செக்கச்செவேலென்று, புளியும் மிளகாயும் போட்டி போட்டுக்கொண்டு...

"கிழங்கு விஷயத்துல உயிரக் காப்பாத்தினதுக்கு," என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கறி வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. அது உறவு வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். அபினா மறுநாள் கிண்ணத்தில், தேங்காய் வறுத்தரைத்த உள்ளித்தீயல் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அது மாங்காய் போட்ட நெத்தோலி மீனாகத் திரும்பி வந்தது. பிறகு தேங்காய் துருவிப்போட்ட மரச்சீனி போனது. வீட்டில் ஒன்றுமில்லாத நாளில் ஒரு கை சர்க்கரை போயிற்று. அதற்குப் பதிலாக ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வந்தது. மிச்சமிருந்த சர்க்கரையில் அதைப் பிழிந்து அவள் குடித்தாள் என்பதை எழுதத்தான் வேண்டுமா?

மீன்கறி வைக்கவும் அவன்தான் சுவருக்கு அப்பாலிருந்து சொல்லித் தந்தான்.

"டீச்சரே, அகப்பை சத்தம் கேக்குது! மீன் போட்ட பெறவு கிண்டப்பிடாது. சட்டியப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தணும். மீன் உடையாது."

"கிண்டினா என்ன ஆவும்?"

"கறி கஞ்சியாவும். அப்புறம் எனக்கு அதைத்தான் தருவீங்க."

"தந்தா தின்ன மாட்டீங்களோ?"

அந்தப் பக்கம் ஒரு மூடி விழுந்து உருண்டது.

"நீங்க தந்தா... தின்னுவேன்."

அபினா சட்டியைச் சுற்றினாள். நெஞ்சும் கூடவே சுற்றியது. அன்றிலிருந்து, அவனுக்குப் பகல் டூட்டி உள்ள நாட்களில், இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். உப்பு கூடியதா, குறைந்ததா என்று பேச்சு ஆரம்பிக்கும். எங்கெங்கோ போகும். மழை ஓட்டில் தாளம் போடும். இதற்கு என்ன பெயர் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் கலைந்துவிடுமோ என்று ஒரு பயம்...

ஒரு சனிக்கிழமை வெள்ளறடையிலிருந்து அம்மா ரீத்தா வந்தாள். மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கும் சேதியோடு. வந்தவளின் மூக்கு நேராக, ரெனில் தந்த கறியை மாற்றி ஊற்றி வைத்திருந்த சட்டிக்குப் போனது.

"இது நீ வச்ச கறியில்லியே. ஆரு வச்சது?"

"அடுத்த போர்ஷன்ல ஒரு ஆளு இருக்காரும்மா. ஸ்டேஷன்ல சோலி. பொழியூரு."

"கடப்புறத்து ஆளா, மீன்பிடிக்கிற கூட்டமா?" அம்மாவின் புருவம் ஏறியது. "வேதக்காரவியதான், நம்ம பள்ளிதான், நம்ம பூசைதான். ஆனாலும் அவிய வேற, நாம வேற. அப்பாக்கு தெரிஞ்சா என்ன ஆவும்? எட்டி, உனக்கும் அவனுக்கும் என்ன?"

அபினா சட்டியை எடுத்து மூடினாள். அப்பாவின் முகம் கண்முன் வந்து நின்றது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"எனக்கும் அவருக்கும் ஒண்ணுமில்லம்மா. எப்பமாவது மீன் தருவாரு. வேண்டாம்னா சங்கடப்படுவாரேண்ணு வாங்குதேன். அவ்வளவுதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

ஐயோ! அபினா கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவன் வீட்டில் இருப்பதை எப்படி மறந்தாள்? காது கொடுத்துக் கேட்டாள். சத்தம் மீண்டும் தொடங்கவில்லை.

அம்மா பஸ் ஏறிப்போன பிறகு, அவள் காலையில் நிரப்பிக் கொடுத்த கிண்ணம் பின்வாசல் படியில் இருந்தது. நன்றாகத் தேய்த்து, கழுவி, துடைத்து... வெறுமையாக. அவள் அதையே பார்த்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அடுப்பு எரியவில்லை. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வருகிறான் போலும். ஒருநாள் வெட்கத்தை விட்டு, தீயல் வைத்து எடுத்துக்கொண்டு அவன் முன்வாசலுக்கே போனாள்.

"வேண்டாம் டீச்சர்," என்றான் தணிந்த குரலில். கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசம். "நான் சங்கடப்படுவேண்ணு தரவேண்டாம்."

"நான் அப்பிடி நினைச்சுச் சொல்லல்ல..."

"சொன்னது உங்க அம்மாக்கிட்ட. அம்மாக்கிட்ட ஆரும் பொய் சொல்ல மாட்டாவ."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

ஆனந்தபாய்தான் மற்ற சேதியைக் கொண்டுவந்தாள். "ரெனிலு ஞாயித்துக்கிழம பூசை கழிஞ்சதும் வீட்டக் காலி பண்ணுதாம் மக்கா. ஸ்டேஷன் பக்கத்துல ரூம் பாத்தாச்சாம். நல்ல பயலாக்கும். என்ன அவசரமோ?"

அபினாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவளுக்குப் பிடித்த சின்னச் சின்ன சந்தோஷங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. சாயா இருந்தது, ரேடியோ இருந்தது, மண்சட்டி இருந்தது. ஒன்றுக்கும் ருசி இல்லை. 'நான் சமைப்பதை நான் ரசித்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன்... அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றல்லவா ரசித்திருக்கிறேன்!' இந்த நினைப்பு வந்ததும் அழுகையும் வந்தது. அவன் போய்விட்டால் இந்த அடுக்களையில் தனியாக உட்கார்ந்து அவளால் ஒரு வாய் உண்ண முடியாது. அவன் கதவின் முன் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் பயனில்லை என்பதும் புரிந்தது. அம்மாவின் முன் சொன்ன சொல்லை அம்மாவின் முன்தான் மாற்றியாக வேண்டும்.

ஞாயிறு காலை அம்மா வந்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக மகளைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

"சீக்கிரம் கிளம்பு மக்கா. மழ கூடுததுக்கு முன்ன பஸ்ஸு பிடிக்கணும்."

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அடுத்த கதவு திறந்தது. ரெனில் ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கினான். இந்தப் பக்கம் திரும்பாமல், மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

இன்னும் என்ன யோசனை? அபினா குடை எடுக்காமல் முற்றத்தில் இறங்கினாள். ஓடிப்போய் ஆட்டோவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள்.

"எட்டி அபினா! எங்க ஓடுத?" அம்மா வராந்தாவுக்கு வந்துவிட்டாள்.

அவள் திரும்பினாள். முகமெல்லாம் மழை. குரல், அவளே ஆச்சரியப்படும்படி, நடுங்கவில்லை.

"அம்மா, அண்ணைக்கு நான் உன்கிட்ட பொய் சொன்னேன். இவரு சங்கடப்படுவாருண்ணு நான் மீன் வாங்கல்ல. இவரு வைக்க கறிதான் எனக்கு வேணும். இவருதான் வேணும். நான் இண்ணைக்கு வெள்ளறடைக்கு வரமாட்டேன். வாறவியகிட்ட வேண்டாம்னு சொல்லிரு."

ஆட்டோக்காரன் மரியாதையாக எஞ்சினை அணைத்தான்.

ரீத்தா மகளைப் பார்த்தாள். பிறகு பெட்டியோடு நின்றவனைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அப்பாக்கிட்ட ஆரு சொல்லுவா?"

"நான்தான் சொல்லணும். நான் சொல்லுதேன்."

"நீதான் சொல்லணும். அவரு சம்மதிப்பாரா இல்லியா, எனக்குத் தெரியாது. நான் வாயத் திறக்க மாட்டேன், பாத்துக்க." முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "தடுக்கவும் மாட்டேன்."

அபினா அவன் பக்கம் திரும்பினாள். இப்போதுதான் வெட்கம் வந்தது, கெட்ட வெட்கம்! கண்ணைத் தூக்கவே முடியவில்லை.

"அம்மாக்கிட்ட சொல்லியாச்சு, அப்பாக்கிட்டயும் சொல்லப்போறீங்க," என்றான் ரெனில். "என்கிட்ட மட்டும் ஆரும் ஒண்ணும் கேக்கலியே டீச்சரே..."

"அப்ப... கேக்குதேன். சம்மதமா?"

அவன் பெட்டியை ஆட்டோவில் வைக்கவில்லை. தரையில், சேற்றிலேயே வைத்தான்.

"பட்டினியா நிண்ணவன் கையில இருந்த கிழங்கத் தட்டிவிட்டீங்களே, அந்த நிமிஷமே சம்மதிச்சாச்சு," என்றான். "இவ்வளவு நாளும் சொல்லத்தான் பயம்."

"எனக்கும்தான்," என்றாள் அபினா.