ஒப்பீட்டுத் தெரு

வீல்…!

காலை ஆறே முக்காலுக்கு எழுந்த அந்த அலறல் இரண்டு தெருக்களையும் ஒன்றாக எழுப்பிவிட்டது.

அலறியவள் நாற்றங்காலின் வாசலில் நின்றிருந்தாள். கையில் பூவாளி. தண்ணீர் அவள் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை.

உள்ளே, வரிசையாக அடுக்கிய மரக்கன்றுகளுக்கு நடுவே பேராசிரியர் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம்…

பக்கத்தில் ஒரு மண்வெட்டி!

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது மணி ஏழே கால். அவருக்கு ஒரு பழக்கம். பிணத்தைப் பார்த்த நாளில் மாலை வரை சோறு இறங்காது. இருபத்தெட்டு வருடப் போலீஸ் வேலைக்குப் பிறகும் அவருக்குத் தொப்பை விழாததற்கு அதுதான் காரணம்.

"முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான் சார்."

"நீங்க?"

"களப்பணியாளர் சார். இந்த ஆராய்ச்சியில ஜனங்களைக் கூட்டிப் பேசுறது, செடி நடவைக்கிறது எல்லாம் என் பொறுப்பு. இங்க எல்லாரும் செடியம்மான்னு கூப்பிடுவாங்க."

"மண்வெட்டி?"

செடியம்மா பூவாளியைக் கீழே வைத்தாள்.

"என்னோடது சார்."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். கான்ஸ்டபிள் அதற்குள் பாதிப் பக்கம் எழுதியிருந்தார்.

"நாற்றங்கால் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"அவர்கிட்ட ஒண்ணு. என்கிட்ட ஒண்ணு."

கான்ஸ்டபிள் மீதிப் பக்கத்தையும் எழுதி முடித்தார்.

கூட்டத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். கேட்காமலே சாட்சி சொல்ல எல்லாத் தெருவிலும் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

"சார், போன திங்கட்கிழமை இவங்க ரெண்டு பேருக்கும் பயங்கரச் சண்டை. 'உங்க உடம்புல ஓடுறது ரத்தமா, பேனா மையா'ன்னு இந்தம்மா நடுத்தெருவுல கேட்டாங்க."

"கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்," என்றாள் செடியம்மா. அவள் மறுக்கவே இல்லை.

அதற்குள் சேதி மேலே போயிருந்தது. இன்ஸ்பெக்டரின் செல்போன் ஒலித்தது. மேலதிகாரி!

"துணைவேந்தர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார்யா. மண்வெட்டி அவளோடது, சாவி அவகிட்ட இருக்கு, சண்டையும் போட்டிருக்கா. இன்னும் என்ன வேணும்? மதியத்துக்குள்ள அவளை உள்ள தள்ளு."

"சரி சார்…"

சொன்னாரே தவிர, அவருக்கு மனசு ஒப்பவில்லை. கொலை செய்தவர்கள் பொதுவாகத் தங்கள் மண்வெட்டியைத் தங்களுடையது என்று சொல்வதில்லை.

"சண்டை எதுக்கு?"

செடியம்மா கன்றுகளைப் பார்த்தபடியே பேசினாள்.

"நல்லாத்தான் சார் ஆரம்பிச்சது. மரம் வச்சா தெரு எவ்வளவு குளிரும், ஜனங்களே கூடி முடிவு பண்ணி வச்சா அந்த மரம் தங்குமா… இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆராய்ச்சி நிதி கிடைச்சது. அவர் ரெண்டு தெருவை எடுத்துக்கிட்டார். ரெண்டும் ஒரே அகலம். ஒரே மாதிரி வீடுங்க. ஒண்ணுக்கு மரம், கூட்டம், எல்லாம். இன்னொண்ணுக்கு எதுவும் கிடையாது. கம்பத்துல வெப்பமானிப் பெட்டி மட்டும்."

"ஏன்?"

"ஒப்பிட்டுப் பார்க்கணுமில்ல சார். அதுக்குப் பேரு ஒப்பீட்டுத் தெரு."

"அந்தத் தெருக்காரங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியவே கூடாது. தெரிஞ்சா அவங்களே மரம் வச்சிடுவாங்க, ஆராய்ச்சி கெட்டுடும். யாராவது கேட்டா 'உங்க முறை வரும்'னு சொல்லணும். நாலு வருஷமா நான் அதைத்தான் சொன்னேன். அந்தப் பெட்டி கொசு எண்ணுறதுன்னு ஒருத்தர் நினைச்சுக்கிட்டார். நான் திருத்தலை."

"எந்தத் தெருவுக்கு மரம்னு யார் முடிவு பண்ணது?"

"ரெண்டு சீட்டு எழுதிக் குலுக்கினோம் சார். அவர் அறையில, நானும் அவரும் மட்டும். எடுத்துப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போச்சு. 'மரம் இல்லாதது எங்க அக்கா தெரு'ன்னார். மாத்திடலாமேன்னேன். 'சொந்தக்காரங்கன்னா மாத்தலாமா'ன்னு என்னையே கேட்டார்."

"நேர்மையான ஆளு."

"ரொம்ப நேர்மை சார்." அவள் குரல் உடைந்தது. "போன கோடையில அந்த அக்காவோட வீட்டுக்காரர் செத்துட்டார். தபால்காரர். மத்தியான வெயில்ல பையோட நடந்து வந்தவர், சுருண்டு விழுந்துட்டார். அவங்க வீட்டுக்கு இன்னும் மூணே வீடு. இந்தத் தெருவுல விழுந்திருந்தா நிழல்லயாவது விழுந்திருப்பார் சார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் என்னால முடியலை. திங்கட்கிழமை யாருக்கும் தெரியாம மூணு கன்னு கொண்டுபோய் அங்க நட்டேன். அவரே வந்து பிடுங்கிட்டார். அதுக்குத்தான் சண்டை… ஆனா நான் கொல்லலை சார். நான் உள்ள போயிட்டா என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் யாருமில்லை."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் இன்ஸ்பெக்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் கன்றுகளின் வரிசையை மேலும் கீழும் பார்த்தார். நடுவில் ஓர் இடம், ஓட்டைப் பல் போலக் காலியாக இருந்தது.

"இங்க ஒண்ணு குறையுதா?"

செடியம்மா எண்ணினாள். முகம் மாறியது.

"நேத்து சாயங்காலம் நாப்பது இருந்துச்சு சார்…"

பேராசிரியருக்குக் கல்யாணம் ஆகவில்லை. உறவென்று இருந்தது அந்த அக்கா ஒருத்திதான். தகவலை அவளிடம் சொல்லியாக வேண்டும்.

இந்த வேலையை மட்டும் இன்ஸ்பெக்டர் யார் தலையிலும் கட்டுவதில்லை. செடியம்மாவையும் கான்ஸ்டபிளையும் கூடவே கூட்டிக்கொண்டு நடந்தார்.

தெரு முனை திரும்பியதுமே முகத்தில் அறைந்தது வெயில்!

மணி எட்டரைதான். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இத்தனை வித்தியாசமா? சட்டைக்குள் வியர்வை வழிந்தது. இரு பக்கமும் மொட்டைச் சுவர்கள். கம்பத்தில் அந்தப் பெட்டி மட்டும் கர்மசிரத்தையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினாலாம் நம்பர் வீடு. வாசலை அடைத்துக்கொண்டு தபால்காரரின் பழைய சைக்கிள் சாய்ந்திருந்தது.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சொன்னதைக் கேட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள். மெதுவாகச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"வலிச்சிருக்குமா?"

"உடனே போயிருக்கும்மா."

தலையை ஆட்டினாள். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"கடைசியா எப்பம்மா பார்த்தீங்க?"

"ரெண்டு மாசமாச்சு சார். அவனுக்கு ஆராய்ச்சி… எனக்கு இந்த வீடு."

"அவர் மேல கோவம் ஏதாவது…?"

"கோவமா? பரீட்சைக்குப் படிக்கிறப்ப அவனுக்கு வேர்த்தா படிப்பு ஏறாது. நான் பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டே இருப்பேன். கை மாத்திக் கை மாத்தி விசிறுவேன்." தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "அவன் மேல என்ன தப்பு? ரெண்டு சீட்டு எழுதிப் போட்டான். எங்க தெருவுக்கு வெயில் விழுந்துச்சு. அவனா வேணும்னு செஞ்சான்?"

செடியம்மா விருட்டென்று நிமிர்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் அவளைக் கண்ணால் கேட்டார். சொன்னாயா? அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"அம்மா…" இன்ஸ்பெக்டரின் குரல் தானாகவே இறங்கியது. "சீட்டு குலுக்கினப்ப அந்த அறையில இருந்தது ரெண்டே பேர். இவங்க உங்ககிட்ட சொல்லலை. இன்னொருத்தரை நீங்க ரெண்டு மாசமா பார்க்கலைன்னு சொல்றீங்க. நாலு வருஷமா அவர் மூச்சே விடாத விஷயம்… உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்காவின் பார்வை வாசலில் இருந்த சைக்கிளுக்குப் போனது.

இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே போனார். சைக்கிளை நகர்த்தினார்.

அதன் மறைவில் ஒரு கன்று! இன்று நட்டது. மண் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் கிழித்துப் போட்ட கறுப்புப் பை.

"ஆடு கடிச்சிடும்னுதான் சைக்கிளைச் சாத்தி வச்சேன்," என்றாள் அக்கா பின்னாலிருந்து. "ஒளிச்சு வைக்கலை சார்."

"என்னம்மா நடந்தது?"

"அஞ்சரைக்குப் போன் பண்ணான். 'நாற்றங்காலுக்கு வாக்கா, உன்கிட்டத்தான் முதல்ல சொல்லணும்'னான். போனேன். ஒரு முக்காலியைப் போட்டு உக்கார வச்சான். எதுக்கு ரெண்டு தெரு, எதுக்குச் சீட்டு, பெட்டி எதுக்கு… ஒண்ணு விடாம ஆரம்பத்துல இருந்து சொன்னான். 'உங்க தெரு மூணரை டிகிரி சூடு அதிகம்க்கா, ஆராய்ச்சி ஜெயிச்சிடுச்சு'ன்னான்…"

"ம்…"

"அதைச் சொல்றப்ப அவன் முகத்துல ஒரு சந்தோஷம் சார். அதைத்தான் என்னால தாங்க முடியலை. 'அந்த மூணரை டிகிரியிலதானேடா உங்க மாமா போனார்'னேன். அவன் கண்ணு கலங்கிடுச்சு. 'இரு அக்கா… இன்னும் நான் முடிக்கலை, முழுசாக் கேளு'ன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் பையைத் திறந்தான். என் கைக்குப் பக்கத்துல மண்வெட்டி இருந்துச்சு."

அக்கா முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"ஒரே ஒரு அடிதான் சார். அப்புறம் தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். விசிறக்கூடச் செஞ்சேன்… எழுந்திரிக்கலை. பழையபடியே கீழ கிடத்திட்டேன். வரும்போது ஒரு கன்னை எடுத்துட்டு வந்துட்டேன். நாலு வருஷமா கேட்டேனே, ஒண்ணே ஒண்ணு."

செடியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்காவால் தான் ஜெயிலுக்குப் போக இருந்தும் அவள் மேல் கோபமே வரவில்லை. அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"உன்மேல பழி விழும்னு நான் யோசிக்கவே இல்லம்மா. மன்னிச்சுக்கோ. இதுக்கு மட்டும் தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துவியா?"

கான்ஸ்டபிள் போய் ஜீப்பைக் கொண்டுவந்தார். அக்கா வீட்டைப் பூட்டினாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினாள்.

அப்போதுதான் தெரு முனையில் அந்த லாரி திரும்பியது.

லாரி நிறையப் பச்சை! ஆளுயரக் கன்றுகள். ஜீப்புக்கு எதிரே வந்து நின்றது. டிரைவர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"சார், பதினாலாம் நம்பர் இதானே? இந்தத் தெருவுக்கு அறுபது கன்னு இறக்கணும்."

இன்ஸ்பெக்டர் வாங்கிச் செடியம்மாவிடம் கொடுத்தார். அவள் படித்தாள்.

"நிதி கொடுக்கிறவங்க நேத்து அனுப்பின உத்தரவு சார். ஒப்பீடு நேத்தோட முடிஞ்சது. இனிமே இந்தத் தெருவுக்கும் மரம் வைக்க ரெண்டாவது கட்ட நிதி… எனக்கே தெரியாது சார். அவர் அக்காகிட்டத்தான் முதல்ல சொல்லணும்னு நினைச்சிருக்கார்."

"கீழ கையால என்னமோ எழுதியிருக்கே?"

"அவர் கையெழுத்து." கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "'முதல் குழி பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில், என் மாமா பெயரால். மற்றவற்றை எங்கே நடுவது என்பதைத் தெருக்காரர்களே கூடி முடிவு செய்யட்டும்.'"

டிரைவர் வாசலை எட்டிப் பார்த்தார்.

"இங்கதான் ஏற்கெனவே ஒண்ணு நட்டிருக்கே?"



ஜீப்புக்குள்ளிருந்து அக்காவின் கை நீண்டது. காகிதத்தை வாங்கினாள். கண்ணாடி இல்லை. எழுத்துகள் தெரிந்திருக்காது. தம்பியின் கையெழுத்து இருந்த இடத்தை மட்டும் விரலால் தடவினாள்.

"இதை முதல்ல சொல்லியிருக்கக் கூடாதாடா…"

அதற்குப் பிறகு அவளிடமிருந்து எழுந்த சத்தத்தை இன்ஸ்பெக்டரால் நின்று கேட்க முடியவில்லை. தொப்பியைச் சரிசெய்வதுபோல நாலு எட்டு தள்ளிப் போனார். கண்ணைக் கசக்கிக்கொண்டார். கான்ஸ்டபிள் பின்னாலேயே வந்தார்.

"சார்… இவ்வளவு நல்ல சேதியைக் கையில வச்சுக்கிட்டு, வெயிலு, சீட்டு, டிகிரின்னு எதுக்கு சார் அவ்வளவு நேரம் பேசினார்?"

இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"பேராசிரியர்யா அவர். முன்னுரை முடியாம விஷயத்துக்கு வரமாட்டார்!"