தொண்ணூறு லிட்டர் டாங்க்

அடிவாரத்தில் இருந்த முதல் பங்க்கை அவர் தாண்டிப் போனதற்குக் காரணம், டீசல் லிட்டருக்கு ஒன்றரை ரூபாய் அதிகம். இரண்டாவது பங்க்கில் அதற்கு மேலும் முக்கால். மூன்றாவதில் "டீசல் இல்லை" என்று அட்டை தொங்கியது. நான்காவது பங்க் வரைபடத்தில் மட்டும்தான் இருந்தது.

"இன்னும் மேல போங்க. உச்சியில சும்மாவே ஊத்துறாங்களாம்," என்றாள் மனைவி.

முப்பத்திரண்டு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பங்க்குகளில் அளவு சரியாக விழுகிறதா என்று ஐந்து லிட்டர் கேனில் பிடித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் பம்புக்குத் தன் எண் போட்ட ஈய முத்திரை, குறைந்தால் பூட்டு. அவர் ஜீப் தெருமுனையில் திரும்பினாலே கடைத் தராசுகளெல்லாம் தாமாக எழுந்து விறைப்பாக நிற்கும். இருமல் மருந்து வாங்கினால்கூடப் பாட்டிலில் எத்தனை மூடி இருக்கிறது என்று ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் இருமுவார். அப்படிப்பட்டவர் ஓய்வுப் பணத்தில் ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கினார். கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றோடும் சக்கரம் முளைத்த வீடு. ஒரு யானைக் கூட்டம் குளத்தைக் குடிப்பதுபோல் அது டீசல் குடித்தது.

மதியம் மூன்று மணிக்கே மலையைப் பனி மூடிவிட்டது. பாதையின் வெள்ளைக் கோடு வண்டியின் மூக்கருகே பிறந்து மூக்கருகே செத்தது. டீசல் முள் சிவப்பில் படுத்திருந்தது.

"போன்ல ஒரு கோடுகூட இல்லைங்க," என்றாள் மனைவி. இப்போது குரலில் கிண்டல் இல்லை. "வண்டி நின்னா, இந்தக் குளிர்ல நம்ம கதி?"

அவர் முன்கண்ணாடியில் படிந்த பனியை உள்ளங்கையால் துடைத்தார்.

அப்போதுதான் பனிக்குள் ஒரு மஞ்சள் விளக்கு தெரிந்தது. ஒரே ஒரு பம்ப். பலகையில் இருந்த விலையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய விலை!

"பாத்தியா? பொறுமைக்குப் பரிசு!"

"போட்டுட்டுச் சீக்கிரம் வாங்க. நான் டீக்குத் தண்ணி வைக்கிறேன்," என்று அவள் பின்பக்கம் போனாள்.

சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் நாசிலோடு வந்தார். தொப்பியின் நிழலில் முகம் தெரியவில்லை.

"ஃபுல்லா சார்?"

"ஃபுல். தொண்ணூறு பிடிக்கும். அஞ்சாறு லிட்டர் மிச்சம் இருக்கும்."

"ஜீரோ பாத்துக்கங்க."

பார்த்தார். பார்த்ததோடு விடாமல், பழக்க தோஷத்தில் குனிந்து பம்பின் முத்திரையையும் பார்த்தார். எண் நாற்பத்தொன்று.

அது அவருடைய எண்.

இந்த மலையில் அவர் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை.

மீட்டர் ஓடியது. எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூறு. நாசில் நிற்கவில்லை. தொண்ணூற்றேழு. டாங்க் வாயில் ஒரு சொட்டுகூடத் ததும்பவில்லை.

"நிறுத்துங்க! அளவு சரியில்ல!"

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க," என்றது தொப்பியின் நிழல்.

அது அவருக்குத் தெரிந்த குரல், பதினெட்டு வருடத்துக்கு முன் கேட்டது. நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், சமவெளியில் இருந்த பங்க் அது. நூற்றைம்பது மில்லி குறைகிறது என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் பங்க்காரரைத் திருடன் என்று சொல்லிப் பூட்டிய பங்க். "உங்க கேனை ஒருதரம் பாருங்க சார்," என்று அந்த மனிதர் ஜீப்பின் பின்னாலேயே ஓடிவந்தார். மறுவாரம் இவர் பார்த்தார். கேனின் அடி வெளியே பிதுங்கியிருந்தது. சரியாக நூற்றைம்பது மில்லி கூடுதலாகப் பிடித்தது. அதற்குள் பங்க்காரர் பூட்டிய பங்க்குக்குள்ளேயே உயிரை விட்டிருந்தார். இவர் சுத்தியலால் கேனைத் தட்டிச் சரிசெய்தார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"என்னங்க!" வண்டிக்குள்ளிருந்து மனைவியின் குரல். "குழாய்ல டீசல் வருது! நிறுத்த முடியல!"

கதவை இழுத்தார். திறக்கவில்லை.

நூற்றுப் பத்து. நூற்று முப்பது.

கதவிடுக்கில் டீசல் கசிந்து அவர் செருப்பை நனைத்தது. ஜன்னல் கண்ணாடியில் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் அறைந்தன.

"முழங்கால் வரைக்கும் வந்துடுச்சுங்க! அடுப்பு எரியுது!"

காதருகே ஒரு கிசுகிசுப்பு. "அளவு சரியா சார்?"

நூற்றைம்பது.

"சரி! சரி!" என்று அலறினார். "உங்க பம்ப் சரி! என் கேன்தான் தப்பு. தெரிஞ்சும் மறைச்சேன்!"

மீட்டர் நின்றது. கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே தரை காய்ந்து கிடந்தது. மனைவி மட்டும் முழங்கால் வரை நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதர் நாசிலை நிதானமாக மாட்டினார். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? என் பொண்ணு இன்னும் திருடன் பொண்ணாத்தான் தலைகுனிஞ்சு நடக்குறா. அவகிட்ட சொல்லுங்க. அதுவரைக்கும் ஓடுற அளவுக்குப் போட்டிருக்கேன்."

அவர் திரும்பிப் பார்த்தபோது விளக்கும் இல்லை, பம்பும் இல்லை. பனிதான்.

எங்கும் நிறுத்தாமல் வீடு வந்து சேர்ந்தார்கள். முள் உச்சியை விட்டு இறங்கவே இல்லை. தெருவாசல் கேட்டருகே நிறுத்திச் சாவியை எடுத்தார்.

இன்ஜின் அணையவில்லை.

மெக்கானிக் வந்து பேட்டரியைக் கழற்றினார். டீசல் குழாயைப் பிடுங்கினார். இன்ஜின் ஓடியது. மெக்கானிக்கும் ஓடினார், ஸ்பானரைக்கூட எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க," என்றாள் மனைவி.

"எழுதினா முப்பத்திரண்டு வருஷப் பேரு என்னடி ஆகும்?"

"அவங்க அப்பா பேரு என்ன ஆச்சு?"

"நாளைக்கு எழுதறேன்."

மறுநாள் காலை வண்டி ஆறடி முன்னால் வந்து நின்றது. அடுத்த நாள் பதினான்கடி. டேப் வைத்து அளந்தவர் அவரேதான். மூன்றாம் நாள் டேப் தேவைப்படவில்லை. ஜன்னல் முழுக்க வண்டிதான் தெரிந்தது. அதன் மடக்குப் படி தானாக விரிந்து, வீட்டு நிலைப்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வீடெங்கும் டீசல் வாடை.

காகிதத்தை எடுத்தார். பழைய அலுவலக நண்பரிடம் கேட்டு மனைவி வாங்கி வைத்திருந்த முகவரியை மேலே எழுதினார். பிறகு எழுதினார்: "கேன் பழுதாகியிருந்தது. அது எனக்குக் கடைசிவரை தெரியாது."

வெளியே இன்ஜின் உறுமியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"பொய் எழுதாதீங்க," என்றாள் மனைவி மெல்ல.

இரண்டாவது வரியை அடித்தார். நடந்ததை நடந்தபடி எழுதினார். சுத்தியலையும் எழுதினார். வரிக்கு வரி இன்ஜின் தணிந்தது. கையெழுத்துப் போட்டதும் அடங்கிப்போனது.

மூன்று நாளில் முதல் அமைதி. மனைவி பெருமூச்சு விட்டாள். அவர் கடிதத்தை மடித்தார்.

வெளியே மடக்குப் படி கிறீச்சென்றது. யாரோ அதன்மேல் காலை ஊன்றி இறங்குவதுபோல்.

பிறகு, கடிதத்தை வாங்கிக்கொள்ள வந்தவர் தட்டுவதுபோல், கதவில் மெதுவாக ஒரு தட்டல்.