பூண்டறையில் ஒரு காட்சி

முப்பத்தாறு மணி நேரமாக யாரும் தூங்கவில்லை. அதனால்தான் முதல் தட்டு தரைப்பக்கமிருந்து கேட்டபோது, தன் காதுதான் ஏமாற்றுகிறது என்று ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த சண்முகசுந்தரி நினைத்தாள்.

கதவைத் தட்டுகிறவர்கள் நெஞ்சு உயரத்தில் தட்டுவார்கள். பேயாக நடிக்கும் மகாராணிக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி மூன்று. ஹெட்போனில் வந்ததோ முழங்காலுக்கும் கீழேயிருந்து, உள்ளங்கையால் அறைந்தது போன்ற மொத்தென்ற சத்தம்.

கவுஞ்சி மலைக்கிராமத்தில் சாயங்காலத்துக்கு முன்பே மலை காணாமல் போயிருந்தது. மூடுபனி படிவயல்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேலே ஏறி, தகரக்கூரையில் தங்கி, சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இந்தப் பனிக்காகத்தான் படக்குழு இவ்வளவு தூரம் வந்தது. பகலில் எடுத்துவிட்டுப் பிறகு நீலம் ஏற்றினால் இரவாகிவிடும், விளக்குகள் தேவையில்லை. புகை இயந்திரமும் கொண்டுவரவில்லை. தங்கியிருந்த வீட்டை ஒட்டியே வீட்டுக்காரி இருளாயியக்காவின் பூண்டறை இருந்தது. பறித்த மலைப்பூண்டைக் கத்தை கத்தையாகக் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டு, கீழே தணல் மூட்டிப் புகை காட்டுகிற மண்ணறை. சன்னல் கிடையாது. ஒரே கதவு. தாழ்ப்பாள் வெளியே.

"பயமுறுத்தக் காசு எதுக்குய்யா?" என்பான் இயக்குநர் குகன். "ஒரு கதவு, ஒரு தட்டு. போதும். சிரிக்க வைக்கவும் காசு வேணாம். தட்டுற பேயப் பாத்து, பல்லு வெளக்கிட்டு வெளிய வான்னு ஒருத்தன் சொன்னா தியேட்டரே விழுந்துரும்."

அது பொய்யில்லை. விடுதியில் ஒரே போர்வைக்குள் ஆறு பேர் ஒடுங்கி, ஒரே செல்போனில் இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் சுந்தரி கல்லூரிக் காலத்தைக் கடத்தினாள். பேயின் தலைமுடி கழன்று விழுந்தாலும், மைக்கின் நிழல் சுவரில் விழுந்தாலும் யாருக்கும் கோபம் வராது. இல்லாதவர்கள் எடுத்த படம் என்று மன்னித்துவிடுகிற சிரிப்பு அது. வேதியியல் படித்துவிட்டு அவள் ஒலிப்பதிவுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பை நம்பித்தான்.

காலையில் அவள் ஒரே ஒரு முறை வாய் திறந்தாள்.

"சார், தணல் மேல ஈரத் தழையப் போட்டா உள்ள விஷ வாயு சேரும். கார்பன் மோனாக்சைடு. ஆள் நிக்கக் கூடாது."

"ஏலே, சவுண்டு பேசுதுடா!" என்றான் விக்னேஷ். கதாநாயகனின் நண்பனாக நடிப்பவன். குழுவில் எல்லோருக்கும் அவள் வெறும் 'சவுண்டு'தான். "ரெண்டே நிமிசம் தாயி. செத்தெல்லாம் போக மாட்டாக. பேய்க்கு ஏது சாவு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

இருளாயியக்காவும் சண்டை போட்டாள். "யய்யா, பச்சத் தைலமரத் தழைய அள்ளிப் போடுறீகளே, வெதப்பூண்டு நாறிப் போகும்யா. அடுத்த வெள்ளாமைக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

"அக்கா, படம் மட்டும் ஓடட்டும். ஒங்களுக்கு ஒரு லாரி பூண்டு எறக்குறேன்."

"லாரி வாற வரைக்கும் மண்ணயா ஊண்டுறது?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முனகியபடியே அவள் போய்விட்டாள்.

காட்சி எளிமையானது. நண்பர்கள் இருவர் பேயைப் பூண்டறைக்குள் பூட்டிவிடுகிறார்கள். பேய் கெஞ்சுகிறது. இவர்கள் கேலி செய்கிறார்கள். மைக்கைப் பூண்டுக் கத்தைகளுக்கு நடுவே தொங்கவிட்டிருந்ததால் உள்ளே நடப்பது சுந்தரிக்கு மட்டுமே துல்லியமாகக் கேட்கும்.

குகன் தயாராகச் சொன்னதும் கதாநாயகன் முருகவேல் கதவண்டை போய் எட்டிப் பார்த்தான். வெள்ளையும் மஞ்சளுமாகப் புகை சுருண்டது. அதற்குள் ஒரு நிழல் மூங்கிலை எட்டுவது போலக் கையை உயர்த்தி நின்றது.

"மகாராணிக்கா, ரெடியா?"

நிழல் இருமியது. அவன் கதவைச் சாத்தி, ஈரத்தில் ஊதியிருந்த மரத்தாழ்ப்பாளைக் கையால் குத்தி இறுக்கினான்.

அப்புறம்தான் அந்தத் தட்டு. தரைப்பக்கமிருந்து.

மூன்று இல்லை. இடைவெளி இல்லை. தட்டிக்கொண்டே இருந்தது.

"ஆரு?" என்றான் விக்னேஷ், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. "கரண்டு பில்லா? நாளைக்கு வா."

குழுவில் ஒருவன் சால்வையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினான். உள்ளே இருமல். நீளமான, அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல்.

"பேயக்கா, இருமல் மருந்து வேணுமா? மலைத்தேன்ல கொழச்சுத் தரவா?"

முருகவேல் அதே இருமலை இருமிக் காட்டினான். ஒளிப்பதிவாளரின் தோள் சிரிப்பில் ஆடியது. குகன் கையைச் சுழற்றிக் காட்டினான். நிறுத்தாதே, போகட்டும்.

தைலத்தழைப் புகை கதவிடுக்கு வழியே கசிந்து சுந்தரியின் தொண்டையில் உட்கார்ந்தது. ஹெட்போனுக்குள் மூச்சு. இழுத்தால் விசிலடிக்கிற மூச்சு. கதவை நகம் பிறாண்டியது. பிறகு ஒரு சொல், அவளுடைய காதுக்குள்ளேயே சொன்னது போல.

யாரும் எழுதிக்கொடுக்காத சொல். நடிக்கத் தெரியாத குரல்.

அவளுடைய கை தோள்வரை உயர்ந்தது.

குகன் பார்த்தான். உள்ளங்கையால் காற்றை அழுத்தினான். கீழே போடு. முந்தாநாள் ஜீப் சத்தம் கேட்கிறது என்று அவள் ஒரு டேக்கை நிறுத்தியபோது, "நீ கேக்க மட்டும் செய், பேசாத" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன் அவன்.

தூக்கமில்லாத காது, என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். நடிப்புதான். நல்ல நடிப்பு.

கை இறங்கியது.

தட்டு மெதுவாகியது. ஒன்று. ரொம்ப நேரம் கழித்து, இன்னொன்று. ஏதோ சரிகிற சத்தம். பூண்டுத் தாள்கள் உரசின.

அப்புறம் ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை. மூச்சுகூட.

"கட்!" குகன் துள்ளினான். "மகாராணிக்கா, பிச்சுட்டீங்க போங்க! நிஜமாவே செத்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

கைதட்டல். முருகவேல் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"என்னண்ணே, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டீகளா?"

குரல் அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. பனியை விலக்கிக்கொண்டு மகாராணி நடந்துவந்தாள். வெள்ளைச் சேலை, முகமெல்லாம் பவுடர், கையில் சவுரிமுடி. "சித்த ஒதுங்கப் போனேன். இந்தப் பனியில தட அம்புடல. கோச்சுக்கிராதீக."

முருகவேலின் கை தாழ்ப்பாளிலிருந்து தானாக விலகியது.

கூரை சொட்டியது.

"அப்ப," என்றான் விக்னேஷ், "உள்ள தட்டுனது?"

குகனின் முகத்தில் பயம் பரவுவதை சுந்தரி பார்த்தாள். அது பரவி முடிவதற்குள் வேறொன்று வந்து அதை மூடியது. அவன் சிரிக்கத் தொடங்கினான்.

"ஏலே... நெசப் பேயிடா! பேய்ப் படத்துல நெசப் பேய்! செல்போன எடு. கேமராவ நிறுத்தாத. படம் ஓடிருச்சுடா!"

செல்போன்கள் உயர்ந்தன. எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள், எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு. ஒருவரும் கதவுப் பக்கம் போகவில்லை.

கதவின் அடியிடுக்கில் புகை ஒழுகியது. அதோடு சேர்ந்து நான்கு விரல்கள். வெளியே நீண்டு, மண்ணைப் பற்றியபடி. நகக்கண்களில் பூண்டுத் தோல். அசையவில்லை.

"யாத்தே, கை!" விக்னேஷ் அலறினான். அலறல் பாதியில் உடைந்து சிரிப்பானது. "ஜூம் பண்ணுடா, ஜூம் பண்ணு!"

சுந்தரி ஹெட்போனைக் கழற்றினாள். நடந்தாள். யாரோ அவளுடைய சால்வையைப் பிடித்து இழுத்தார்கள். அது அவர்கள் கையோடு போயிற்று.

"தொறக்காத சவுண்டு! பேயி!"

தாழ்ப்பாள் நகர மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். அவளுடைய பாதத்துக்குப் பக்கத்தில் அந்த விரல்கள். குரல் சின்னதாகத்தான் வந்தது.

"பேய் இல்ல சார். உள்ள இருக்கிறது இருளாயியக்கா. 'யய்யா'ன்னு கூப்பிட்டுத் தட்டிக்கிட்டு இருக்கும்போதே எனக்குத் தெரியும்."